பின்னத்துக்குள் பின்னம் வரும் இயற்கணிதக் கணக்குகளைச் சுலபமாகச் சுருக்க வழி உண்டா?

மகள் பத்தாம் வகுப்பு, மேலேயும் பின்னம் கீழேயும் பின்னம் என்றால் பாதியிலேயே பேனாவை வைத்துவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். இந்த இடத்தில் திணறுகிறவர்கள் நிறையப் பேர், கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகள் உட்பட.

வழக்கமான வழி இது: தொகுதியை (கோட்டுக்கு மேலே இருப்பதை) ஒரே பின்னமாக்கு, பகுதியை (கீழே இருப்பதை) ஒரே பின்னமாக்கு, பிறகு கீழே இருப்பதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. தப்பில்லை. ஆனால் வரிகள் அதிகம், நடுவில் ஒரு குறி மாறினால் மொத்தமும் போச்சு. அதைவிட, உள்ளே இருக்கும் எல்லாச் சிறு பின்னங்களின் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே மீச்சிறு பொது மடங்கு எடுத்து, அதால் மேலேயும் கீழேயும் பெருக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாலேயே பெருக்குவதால் மதிப்பு மாறாது. உட்கோடுகள் ஒரே வரியில் மறைந்துவிடும்.

பாடநூலின் எக்ஸ், ஒய்க்குப் பதில் அ, ப என்று வைக்கிறேன்.

(1/அ + 1/ப) ÷ (1/அ² − 1/ப²)

நான்கு பகுதிகளுக்கும் பொது மடங்கு அ²ப². பெருக்கினால் மேலே அப² + அ²ப, அதாவது அப(ப + அ). கீழே ப² − அ², அதாவது (ப − அ)(ப + அ). பொதுக் காரணி (ப + அ) அடிபட, விடை அப/(ப − அ). அ = 2, ப = 3 போட்டுப் பாருங்கள்: மேலே 5/6, கீழே 5/36, வகுத்தால் 6. விடையிலும் 6/1 = 6. இந்தச் சரிபார்ப்பைப் பழக்கமாக்கிவிடுங்கள். அரை நிமிடம் போதும், தேர்வில் பெரிய தைரியம் தரும்.

எங்கே வழுக்கும்? பின்னமாக இல்லாத உறுப்பில். 1 + 1/அ என்பதை அ-ஆல் பெருக்கினால் அ + 1. அந்த 1-ஐப் பெருக்காமல் விட்டுவிடுவார்கள். அடுத்தது, காரணிப்படுத்தாமலே பொது மடங்கு எடுப்பது:

[1/(அ − 3) + 1/(அ + 3)] ÷ [அ/(அ² − 9)]

மூன்று பகுதிகளையும் அப்படியே பெருக்கினால் கோவை பூதாகரமாகிவிடும். அ² − 9 என்பதே (அ − 3)(அ + 3) என்று கண்டால் பொது மடங்கு அது மட்டும்தான். மேலே 2அ, கீழே அ, விடை வெறும் 2! அ-வின் மதிப்பு 0, 3, −3 ஆக இருக்கக்கூடாது என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். சுருக்கிய விடையில் அந்தத் தடை கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சமன்பாட்டில் இருபுறமும் பெருக்கிப் பகுதியை நீக்கலாம். 1/அ + 1/ப என்று தனியாக நிற்கும் கோவையில் அப்படிச் செய்தால் மதிப்பே மாறிவிடும். மேல், கீழ் என்ற ஜோடி இருப்பதால்தான் இங்கே அது செல்லுகிறது.

அறிவியல் பாடத்திலும் இது கைகொடுக்கும். 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் 1 ÷ (1/3 + 1/6). மேலேயும் கீழேயும் 6-ஆல் பெருக்கினால் 6/(2 + 1) = 2 ஓம். எண்களுக்குப் பதில் அ, ப என்று வைத்தால் அப/(அ + ப). அந்தச் சூத்திரத்தை அவள் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.