வடக்கு-தெற்கு வீட்டில் கறிவேப்பிலை வருமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மறுவிற்பனையில் நாலறை வீடு தேடுகிறோம், இரண்டு வீடு பிடித்திருக்கிறது. ஒன்று 14வது மாடி, வாசலுக்கு முன்னால் போகும் பொதுத் தாழ்வாரம் வடக்கு, படுக்கையறைகள் தெற்கு. வெயிலே அடிக்காது என்று முகவர் சொல்கிறார், அதனாலேயே விலையும் கொஞ்சம் கூட. இன்னொன்று 6வது மாடி மூலை வீடு, தாழ்வாரம் கிழக்கு, படுக்கையறைகள் மேற்கு. மாமியார் கறிவேப்பிலை, மல்லிகை, துளசி, வெற்றிலை எல்லாம் தொட்டியில் வளர்க்கிறார், அவை இல்லாமல் அவர் வரமாட்டார். தோட்டம் என்றால் தெற்கு பார்த்து இருக்கவேண்டும் என்று இணையத்தில் படித்தேன். எந்த வீட்டை எடுப்பது?"

முதலில் அந்தத் தெற்கு விஷயத்தை முடித்துவிடுவோம். அது இங்கிலாந்து மாதிரி ஊர்களுக்கு எழுதப்பட்ட யோசனை. அங்கே நடுப்பகலில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கம்தான் நிற்கும், அதனால் தெற்கு பார்த்த தோட்டத்துக்கு அங்கே தனி மவுசு. சென்னைக்குக்கூட அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான் உச்சிவெயில் வடக்கே சாயும், மீதி எட்டு மாதம் தெற்குதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட இல்லாத தூரத்தில் இருக்கிறது. இங்கே மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் 20 வாக்கில் வரை சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும், மற்ற ஆறு மாதம் தெற்குப் பக்கமாக. அதாவது வடக்குத் தாழ்வாரத்துக்கு அரை வருஷம் நேர்வெயில், அரை வருஷம் ஒன்றுமே இல்லை.

அந்த அரை வருஷமும் முழுசாகக் கிடைக்காது. ஜூனில் சூரியன் வடக்கே அதிகமாகச் சாயும் நாளில்கூட உச்சியில் அது தலைக்கு நேர்மேலிருந்து 22 டிகிரிதான் விலகியிருக்கும், அந்தச் செங்குத்தான வெயிலை மேல்மாடித் தாழ்வாரத்தின் தளமே மறைத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் கொஞ்சம்தான் உள்ளே எட்டும். வடக்கு-தெற்கு வீட்டுக்கு இங்கே கூடுதல் விலை கொடுப்பதன் காரணமே இதுதான், சுவர் சூடேறாது, ஏர்கான் செலவு மிச்சம், காற்றும் பெரும்பாலும் அந்தத் திசைகளிலிருந்தே வரும். முகவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பெருமையாகச் சொல்லும் அதே குணம்தான் மல்லிகைக்கு ஆகாது.

கிழக்கும் மேற்கும் அப்படியில்லை, வருஷத்தில் 365 நாளும் வெயில் உண்டு. இங்கே 7 மணி வாக்கில் விடிகிறது, 7 மணி வாக்கில் இருட்டுகிறது, 1982 ஜனவரி 1-ல் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து உச்சிவேளை என்பது 12 மணி இல்லை, கிட்டத்தட்ட 1 மணி. ஆக, கிழக்குப் பக்கத்துக்கு 7 முதல் 1 வரை, மேற்குக்கு 1 முதல் 7 வரை, காகிதக் கணக்கில் இரண்டும் சமம். நடைமுறையில் கிழக்கு கொஞ்சம் மேல். பருவமழை மாறும் மாதங்களில் மதியத்துக்குமேல் மேகம் கூடி இடியோடு கொட்டிவிடும், மேற்கு வீட்டுக்காரரின் வெயில் அன்றைக்குப் போச்சு. தவிர, மாலை வெயில் வரும்போது காற்றும் தரையும் ஏற்கெனவே சூடாக இருப்பதால் சின்னத் தொட்டிகளில் வேர் வெந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், திசை பாதி விஷயம்தான். வீட்டுக்கு எதிரே என்ன நிற்கிறது என்பதுதான் மீதிப் பாதி, இன்னும் சொல்லப்போனால் பாதிக்கும் மேலே. வெயில் வரும் திசை சரியாக இருந்தும் எதிர் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) வெயிலை முழுங்கிவிட்ட வீடுகள் இங்கே ஏராளம்.

அதை வீடு பார்க்கும்போதே அளந்துவிடலாம், கருவி வேண்டாம். தாழ்வாரத்தில் நின்று கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். ஒரு முஷ்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. கண்மட்டத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக முஷ்டியை அடுக்கிக்கொண்டே போய் எதிர் புளோக்கின் உச்சி எத்தனையாவது முஷ்டியில் வருகிறது என்று பாருங்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறும், மணிக்குச் சுமார் 15 டிகிரி, அப்படியென்றால் ஒரு முஷ்டிக்கு 40 நிமிடம். எதிர் புளோக் மூன்று முஷ்டி என்றால் 9 மணிக்கு வெயில் எட்டிப்பார்க்கும். நாலரை முஷ்டி என்றால் 10 மணி. ஆறு முஷ்டி என்றால் அந்த வீட்டைக் கிழக்கு பார்த்த வீடு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, 11 மணிக்கு வெயில் வரும்போது மேல்தளத்தின் நிழலும் வந்துவிடும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல், நீங்கள் போகும் நாளில் சூரியன் உதிக்கும் இடம் வருஷம் முழுக்க அதே இடமில்லை. கிழக்கைப் பார்த்து நின்றால் ஜூனில் இடப்பக்கமாக இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகமாகவும், டிசம்பரில் வலப்பக்கமாக அதே அளவும் நகர்ந்திருக்கும். அதனால் நேர் எதிரே மட்டும் அளக்காமல் இடதும் வலதும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். திசை பார்க்கக் கைபேசியை எடுத்தால் இரும்புக் கதவு, கம்பி, மின்தூக்கி இவற்றுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், காந்தமுள் கிறுக்குப் பிடித்த மாதிரி காட்டும்.

அடுத்தது தாழ்வாரச் சுவர். பலர் கவனிப்பதே இல்லை. பழைய புளோக்குகளில் தாழ்வாரத்தின் வெளிப்பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குக் கெட்டியான சுவர் இருக்கும். தொட்டியைச் சுவரடியில் தரையில் வைத்தால் காலை வெயில் முழுக்க அந்தச் சுவரே வாங்கிக்கொள்ளும், செடிக்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டு வாசல் பக்கம், அதாவது சுவரிலிருந்து 1.2 மீட்டர் உள்ளே, தரையில் வைத்தால் சூரியன் 40 டிகிரி ஏறியபிறகுதான் வெயில் தொட்டியைத் தொடும், 65 டிகிரி தாண்டினால் மேல்தளம் மறைக்கும், ஆக எதிரே வெட்டவெளியாக இருந்தால்கூட இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான். அதே தொட்டியை 60 சென்டிமீட்டர் உயர ஸ்டாண்டில் ஏற்றினால் எட்டேகாலுக்கு வெயில் வந்துவிடும், 11 மணி வரை நிற்கும். இரண்டு அடி உயரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் லாபம்! வெளிச்சுவர் ஓரம் ஸ்டாண்ட் போட்டு, தொட்டி சுவருக்குள்ளேயும் தழை மட்டும் சுவருக்கு மேலேயும் இருக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. சுவர் மேலேயே தொட்டியை வைப்பதும், வெளியே தொங்கவிடுவதும் வேண்டவே வேண்டாம். கீழே ஆள் நடக்கிறார்கள்.

அப்புறம், தாழ்வாரம் நம்முடைய இடம் இல்லை. தீப்பாதுகாப்புக்காகக் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடவேண்டும், மூலை வீடாக இருந்தாலும் சரி. தாழ்வாரம் ஒன்றரை மீட்டர்தான் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஓரத்தில் 30 சென்டிமீட்டர், மாமியாரின் தொட்டிகள் ஒரே வரிசையாகத்தான் நிற்கும். டேப் எடுத்துப் போய் அளந்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு, அபராதம், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை.

எந்தச் செடிக்கு எவ்வளவு? கறிவேப்பிலைக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் கொண்டாட்டம், மூன்று நான்கு மணி நேரத்தில் வீட்டுச் சமையலுக்குத் தேவையான இலை கொடுக்கும், அதற்கும் கீழே போனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை வெளுத்து, வெளிச்சம் இருக்கும் பக்கமாகவே சாய்ந்து நிற்கும். மல்லிகைதான் பிடிவாதக்காரி. வெயில் குறைந்தால் சாகமாட்டாள், கொடி தழைத்துக்கொண்டே போகும், மொட்டு மட்டும் வராது, நீங்கள் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பீர்கள். துளசி நாலு மணி நேரத்தில் சந்தோஷமாக இருக்கும். வெற்றிலை, கற்பூரவல்லி, பாண்டான், புதினா நான்கும் நிழலோடு ஒத்துப்போகிறவை, வெற்றிலைக்கு உச்சிவெயில் பட்டால் இலை கருகும். வெண்டை, கத்தரி ஆசை இருந்தால் தாழ்வாரத்தை மறந்துவிட்டுப் பேட்டையில் இருக்கும் சமூகத் தோட்டத்தில் பெயர் கொடுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் தீவு முழுக்க அப்படித் தோட்டங்கள் இருக்கின்றன.

14வது மாடிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே வானம் பாதி நாள் மேகமாகவே இருக்கும், செடிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பெரும்பங்கு நேர்வெயில் இல்லை, வானம் முழுக்கப் பரவி வரும் ஒளி. எதிரே எதுவும் மறைக்காத உயர மாடியில் அது நிறையக் கிடைக்கும். வெற்றிலையும் துளசியும் அங்கே தாக்குப்பிடிக்கும். ஆனால் காற்று பலமாக இருக்கும், தொட்டி சீக்கிரம் காயும், டிசம்பர் ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை வடக்குத் தாழ்வாரத்துக்குள் சாரலாக அடித்து மண்ணை ஊறவைக்கும், சரியாக வெயிலே இல்லாத மாதங்கள் அவை. ஈரமும் நிழலும் சேர்ந்தால் கறிவேப்பிலை வேர் அழுகும்.

இரண்டு வீட்டுக்கும் எதிரே புல்வெளியாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தை இணையத்தில் திறந்து பாருங்கள், இலவசம்தான். அந்த இடம் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் என்றைக்காவது ஒரு புளோக் எழும்பும். பூங்கா, பள்ளிக்கூடம், ஏற்கெனவே கட்டிய பல மாடி கார்ப்பேட்டை என்றால் நிம்மதி, 6வது மாடியிலிருந்து கார்ப்பேட்டையின் கூரைக்கு மேலே வானம் தெரியவே வாய்ப்பு அதிகம். வரைபடம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வீடு பார்க்கப் போகும் நேரம் முக்கியம். முகவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் வேலை முடிந்து வரச்சொல்வார்கள், கிழக்குத் தாழ்வாரத்தை 7 மணி இருட்டில் பார்த்து என்ன தெரியப்போகிறது? சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒருமுறை, முடிந்தால் 11 மணிக்கு இன்னொருமுறை போங்கள். அக்கம்பக்கத்து வாசலில் இருக்கும் செடிகளைப் பாருங்கள், அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. காகிதப்பூ பூத்துக் குலுங்கினால் வெயில் உண்டு. எல்லா வீட்டு வாசலிலும் மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் மட்டும் என்றால் அந்த அக்காமார்கள் மற்றதை எல்லாம் வளர்த்துப் பார்த்துக் கைவிட்டவர்கள். வாசல் கதவின் சாயம் வெளுத்திருக்கிறதா, கால்வாய் ஓரத்தில் பாசி பிடித்திருக்கிறதா என்பதும் ஒரு தடயம்.

சரி, என் பதில். 6வது மாடி வீட்டில் எதிர் புளோக் மூன்று முஷ்டிக்குள் இருந்தால் அதையே எடுங்கள். ஸ்டாண்ட் போட்டு ஓரமாக வைத்தால் 9 மணியிலிருந்து 12 மணிக்குமேல் வரை வெயில் கிடைக்கும், கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் போதும், மல்லிகை சுமாராகப் பூக்கும். ஐந்து முஷ்டிக்கு மேலே என்றால் 14வது மாடியே தேவலை, மல்லிகையை மட்டும் வெயில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். நடுவில் இருந்தால் விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அந்த நிலையில் செடிக்காக அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் மேற்குப் படுக்கையறையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 மணிக்குமேல் வெயில் தாழ்ந்து அறையின் கடைசிச் சுவர் வரை வரும், வெளிச்சுவர் கான்கிரீட் அந்தச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு இரவு பத்து பதினொரு மணி வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். மூலை வீடு என்பதால் பக்கச் சுவர் ஒன்றும் வெளியே இருக்கிறது, அது எந்தத் திசை என்றும் பாருங்கள். கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் படலம் ஒட்டலாம், கனமான திரை போடலாம், கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடலாம், என்னதான் செய்தாலும் ஏர்கான் கட்டணம் கூடத்தான் செய்யும். மாமியாருக்கு எந்த அறை என்று முன்பே யோசித்துவையுங்கள். அவருடைய செடிக்காக வீடு வாங்கி, அவரையே வெந்த அறையில் படுக்கவைக்கக்கூடாது.

அளந்து பார்ப்பதை எல்லாம் வாங்கும் உரிமைப் பத்திரத்துக்குப் பணம் கட்டும் முன்பே முடித்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு மறுவிற்பனையில் அந்தத் தொகை 1,000 வெள்ளிக்கு மேல் போகாது, முடிவெடுக்க 21 நாள் இருக்கும், ஆனால் பின்வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வராது. வீடு முடிவானதும் கறிவேப்பிலையை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்துவிட்டு, துளிர் வந்தபிறகு இடம் மாற்றுங்கள். புது வாசலில் முதல் வாரம் வெயில் நேராகப் படாத மூலையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்தவேண்டும், இல்லையென்றால் வந்த வேகத்தில் இலை எல்லாம் கொட்டிவிடும், மாமியார் வீட்டைத்தான் குறை சொல்வார்.