டல்லாஸிலிருந்து சான் ஹோசேவுக்குக் கத்தியோடு வீடு மாறலாமா?

தம்பி, டல்லாஸிலிருந்து சான் ஹோசேவுக்குக் குடும்பத்தோடு காரிலேயே வீடு மாறுகிறேன், சமையல் கத்தி, அரிவாள்மணை, டெக்சாஸில் வாங்கிய பட்டன் கத்தி (பட்டனை அழுத்தினால் அலகு, அதாவது வெட்டும் தகடு, தானாக வெளியே வருவது) எல்லாம் எடுத்துப்போகலாமா, ஆளுக்கொன்று சொல்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். சமையல் சாமானுக்குப் பயப்பட வேண்டாம். பட்டன் கத்தியை மட்டும் டெக்சாஸிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கத்திச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊர்கூட மாறும். டெக்சாஸ் 2013-இல் பட்டன் கத்தியை அனுமதித்தது, 2017-இல் நீளக் கத்திக்கும் வழிவிட்டது. ஆனால் அலகு 5.5 அங்குலத்தைத் தாண்டினால் பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. அன்னதானத்துக்குக் காய் நறுக்க நம் ஆட்கள் வீட்டிலிருந்து தூக்கிப்போகும் கத்தி பெரும்பாலும் 8 அங்குலம்! கோயில் சமையலறையில் இருப்பதை வைத்தே நறுக்கச் சொல்லுங்கள்.

சான் ஹோசே இருக்கும் கலிபோர்னியாவில் கதை வேறு. அலகு 2 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பட்டன் கத்தி பாக்கெட்டில் இருந்தாலும் குற்றம், காரில் டிரைவர் சீட் பக்கம் கிடந்தாலும் குற்றம். சாதாரண மடக்குக் கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். மடங்காத கத்தியென்றால் உறைபோட்டு இடுப்பில் வெளியே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். சட்டைக்குள் மறைத்தால், அது சமையல் கத்தியாகவே இருந்தாலும், சிறைவரை போகக்கூடிய வழக்கு. நியூயார்க் நகரில் இதற்கு நேர் எதிர். அங்கே வேலை எதுவும் செய்யாமல் சும்மா பெல்ட்டில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு நடப்பதுதான் தப்பு.

சரி, பேக்கிங். கத்திகளுக்கு அட்டை சுற்றி டேப் ஒட்டுங்கள். அரிவாள்மணையை மடக்கி, பழைய துண்டால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். எல்லாம் பாத்திரப் பெட்டிக்குள் போய் டிக்கியில் இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடியே எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்டக் கை நீட்டவே கூடாது.

இவ்வளவு வற்புறுத்துவது உங்கள் விசாவை நினைத்துத்தான். ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்க, நிரப்பும் டிஎஸ்-160 விண்ணப்பப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது கைதானதுண்டா என்றும் கேட்கும். கேஸ் தள்ளுபடியாகியிருந்தாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும், அப்புறம் தூதரகத்தில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பெண்ணை அங்கே பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் அல்லவா? கலிபோர்னியாவில் பள்ளி வளாகத்துக்குள் 2.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு கூடாது. திறந்தால் பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி எவ்வளவு சின்னதானாலும் கூடாது. அட்மிஷனுக்குப் போகிற அன்று சாவிக்கொத்தில் எதுவும் தொங்குகிறதா என்று பார்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.