டிரைவரைக் கொஞ்ச நாள் வீட்டில் வையுங்கள்: கோல்ஃப் கேள்வி பதில்

பெங்களூரில் இருக்கும் நம் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் கோல்ஃப் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். முக்கால்வாசிக் கேள்விகள் ‘இன்னும் தூரமாக அடிப்பது எப்படி’ என்பதுதான். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன். நான் சொல்வது எல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு: சார், ஆபீஸ் அவுட்டிங்கில் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன், ஆசை வந்துவிட்டது. ஆன்லைனில் ஃபுல் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா?

வேண்டாம். விதிப்படி பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்காக 14 இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட், அதைவிடக் குறைந்த தூரங்களுக்கு 7 அயன், 9 அயன் (இரும்புத் தலை மட்டைகள்), மணலுக்கு சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட பட்டர். முதல் வருடத்துக்கு இந்த ஐந்து போதும். இரண்டாம் கை மட்டைகளே நன்றாகக் கிடைக்கும். நம் ஊரில் ஆசையாக வாங்கி, நாலு தடவை போய்விட்டுப் பரணில் போடுகிறவர்கள் அதிகம்.

பழையதை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பிடியில் இருக்கும் ரப்பர் கெட்டியாகி வழவழவென்று ஆகியிருந்தால் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம், பந்தடிக்க நிற்பது போல நின்று மட்டையைத் தரையில் வையுங்கள். தலையின் அடிப்பாகம் ஏறக்குறைய முழுதாகப் படிய வேண்டும். முனை தூக்கிக்கொண்டு நின்றால் அது உங்கள் உயரத்துக்கான மட்டை இல்லை.

எல்லாவற்றையும்விடத் தூரமாக அடிக்கும் மட்டையான டிரைவரை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அதன் தண்டு 45 அங்குலத்தை ஒட்டி இருக்கும், முகத்தின் சாய்வோ 10 டிகிரி சுமார்தான். நீளம் கூடினால் பந்தை நடுவில் அடிப்பது கஷ்டம். சாய்வு குறைந்தால் பக்கவாட்டுச் சுழற்சி கூடும். 7 அயனில் கொஞ்சம் வலப்பக்கம் போகும் அதே அடி டிரைவரில் பக்கத்து ஹோலுக்கு (ஒவ்வொரு குழிக்கும் உரிய ஆடுகளம்தான் ஹோல்) போய்விடும். ஆகவே அது ஆறு மாதம் வீட்டில் இருக்கட்டும்.

பந்து விஷயத்தில் டூ-பீஸ் (இரண்டே அடுக்கு) பந்து, விலை குறைந்தது, பழையதானாலும் பரவாயில்லை. எப்படியும் பாதி ஏரிக்குத்தான் போகப் போகிறது.

கோரமங்களா: அண்ணா, என் பந்து கிளம்பும்போது நேராகத்தான் போகிறது, அப்புறம் வலது பக்கம் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடுகிறது. யூடியூப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஸ்லைஸ். புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிற வியாதி, தம்பி. காரணம் ஒன்றுதான். பந்தைத் தொடும் நொடியில் மட்டை போகிற பாதையைவிட மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது. பந்து ஏறக்குறைய முகம் பார்த்த திசையில் கிளம்பும். பாதையை விட்டு விலகி வளையும். உங்கள் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைகிறதென்றால், முகம் இலக்கைப் பார்க்கிறது, மட்டை மட்டும் வெளியிலிருந்து உள்ளே, அதாவது இடப்பக்கம், இழுத்துக்கொண்டு போகிறது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று எல்லோரும் உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்பார்கள். மட்டையின் பாதை இன்னும் இடப்பக்கம் சாயும், வளைவு கூடும். மறுபடி திரும்பி நிற்பார்கள். பயிற்சி ரேஞ்சில் காலை ஏழு மணிக்குப் போய் வரிசையைப் பின்னாலிருந்து பாருங்கள். பாதிப் பேர் வேலியைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள்.

முதலில் பிடியைப் பாருங்கள். மட்டையை இடது உள்ளங்கையின் குறுக்கே வைக்காமல், விரல்கள் தொடங்கும் இடத்தில் வையுங்கள். மூடிவிட்டு மேலிருந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உண்டாகும் கோடு வலது தோளைக் காட்ட வேண்டும். இரண்டு வாரம் அசௌகரியமாகத்தான் இருக்கும். சௌகரியமாக இருக்கிறதே என்று பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அடுத்தது பாதை. காலியான பந்து அட்டைப்பெட்டி ஒன்றை, பந்துக்கு ஒரு சாண் பின்னால், பந்தின் கோட்டிலிருந்து அப்பால் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து வருகிற மட்டை பெட்டியைத் தட்டும். பெட்டியைத் தொடாமல் அடிக்கப் பழகுங்கள், பாதி வேகத்தில். இது வீடியோவில் பார்த்துத் திருந்துகிற விஷயம் இல்லை, பெட்டி நசுங்கி நசுங்கித்தான் திருந்தும்.

ஹெப்பாள்: நான் லீக் கிரிக்கெட் ஆடியவன். கிரிக்கெட் ஆடினவனுக்கு கோல்ஃப் சுலபம் என்கிறார்களே, எனக்கு மட்டும் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது!

கண்ணும் கையும் ஒத்துழைக்கும், அதுவரை உண்மை. பிரச்சினை என்னவென்றால், நீங்கள் லாங் ஆனுக்கு மேலே தூக்குகிற மாதிரி பந்துக்கு அடியில் கொடுத்து எழுப்பப் பார்க்கிறீர்கள். எடை பின்காலிலேயே தங்கிவிடும். மட்டை பந்தைத் தொடும் முன்பே தரையைச் சீண்டும், இல்லையென்றால் பந்தின் தலையைத் தட்டி உருட்டிவிடும்.

எழுப்புவது உங்கள் வேலை இல்லை, மட்டையின் சாய்வு அதைப் பார்த்துக்கொள்ளும். அயனில் முதலில் பந்து, அப்புறம் புல். புல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுப் பந்தே இல்லாமல் வீசுங்கள். மண் பெயர்வது கோட்டுக்கு இலக்குப் பக்கம் இருந்தால் சரி. பின்பக்கம் பெயர்ந்தால் எடை இன்னும் முன்காலுக்கு வரவில்லை என்று அர்த்தம். கிரிக்கெட்டில் முன்காலில் டிரைவ் ஆடியிருப்பீர்களே, அந்த எடை மாற்றத்தை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள்.

மாரத்தஹள்ளி: எட்டு மாதமாக ஆடுகிறேன், 18 ஹோலுக்கு 120க்குக் கீழே வரவில்லை. கூட ஆடுகிறவர்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தூரம் கூடினால் சரியாகுமா?

முதலில் கூச்சத்தை விடுங்கள். ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்துக் கொடுக்கும் சலுகை அடிகள். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் அதிகபட்சம் 54. பார் (நன்றாக ஆடுகிறவருக்கு ஆக வேண்டிய அடிகள்) 72 என்று இருக்கும் மைதானத்தில் தோராயமாக 126 அடிப்பவருக்கும் அதில் இடம் உண்டு. நீங்கள் அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள்.

தூரம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. பார் என்கிற கணக்கே ஒரு ஹோலுக்கு இரண்டு பட் (பட்டரால் உருட்டும் அடி) என்று வைத்துப் போட்டது. 72இல் 36, சரிபாதி. அடுத்த ஆட்டத்தில் ஸ்கோர் கார்டின் ஓரத்தில் பட்டுகளை மட்டும் தனியாக எழுதுங்கள். 45 வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதோடு கிரீனை (குழி இருக்கும் குட்டைப் புல் பரப்பை) சுற்றி 30 கெஜத்துக்குள் அடித்ததையும் எண்ணுங்கள். உங்கள் 120 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்று பட் ஏன் ஆகிறது? திசை தப்பி இல்லை. முப்பது அடியிலிருந்து அடித்த முதல் பட் எட்டு அடி குறைவாகவோ கூடுதலாகவோ நின்றுவிடுகிறது, அதனால்தான். கேரம் ஆடியவர்களுக்கு இது புரியும்: ஸ்ட்ரைக்கரின் திசை சரியாக இருந்தும் சுண்டுகிற வேகம் தப்பினால் காய் குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும். ஆகவே பயிற்சி கிரீனில் குழியைப் பார்த்தே அடிக்காதீர்கள். 20, 30, 40 அடி என்று மாற்றி மாற்றி, கிரீனின் விளிம்பை நோக்கி அடியுங்கள். விளிம்பைத் தாண்டாமல் எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது மட்டும் பயிற்சி. அப்புறம் மூன்றடி பட்டுகளைப் போட்டுப் பழகுங்கள்.

கிரீனுக்கு வெளியே இரண்டு மூன்று கெஜத்தில் பந்து கிடந்தால் சாண்ட் வெட்ஜை எடுத்து வானத்துக்குத் தூக்க வேண்டாம். 9 அயனை எடுத்து, பட்டர் பிடிப்பது போலப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தள்ளுங்கள். சின்னதாகத் தாவி உருண்டு போகும். பார்க்க அழகாக இருக்காது, ஸ்கோர் குறையும்.

மைதானத்து மணல் குழியில் மட்டும் நேர் எதிர். முகத்தை நன்றாகத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்து, வீச்சை நிறுத்தாமல் முடியுங்கள். பந்தை அடிக்கவே கூடாது. மணல்தான் பந்தை வெளியே தள்ள வேண்டும்.

இன்னொன்று. நண்பர்களோடு ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஹேண்டிகேப் கழித்து பாருக்கு 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஓர் அடி கூட) 1, பர்டிக்கு (ஓர் அடி குறைவு) 3. போகியைவிட மோசமானால் பூஜ்யம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடையைக் கட்டலாம். ஒரு ஹோலில் 11 அடித்து அன்றைய நாளே பாழாவது இதில் நடக்காது.

பன்னேர்கட்டா சாலை: எங்கள் மைதானத்தில் நாய் ஒன்று பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. புதருக்குள் போன பந்தை எடுக்கப் போனால் பாம்பு. இதற்கெல்லாம் விதி இருக்கிறதா, சும்மா கேட்கிறேன்.

சும்மா இல்லை, நல்ல கேள்வி. நாயோ குரங்கோ பருந்தோ தூக்கிப் போனது உறுதியாகத் தெரிந்தால், வேறொரு பந்தை இருந்த இடத்திலேயே வைத்து ஆடலாம், தண்டனை கிடையாது. இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் உத்தேசமாக வையுங்கள். விஷப் பாம்பு, தேனீக் கூடு போன்றவை பக்கத்தில் இருந்தால் ‘ஆபத்தான விலங்கு’ என்று விதியிலேயே தனிச் சலுகை உண்டு: தண்டனை இல்லாமல் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்திப் போடலாம். முள்செடிக்கு இந்தச் சலுகை இல்லை. ஆட முடியாத இடம் என்று அறிவித்து ஓர் அடி தண்டனையோடு வெளியே வர வேண்டியதுதான்.

விதி என்று வந்தபிறகு, புதியவர்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம். 2019க்கு முன்னால்தான் 5 நிமிடம். விதிப்படி நகர்த்தும் பந்தைக் கையிலிருந்து கீழே போடுவது முழங்கால் உயரத்திலிருந்து, தோளிலிருந்து இல்லை. கொடிக்கம்பத்தை எடுக்காமலே பட் அடிக்கலாம். பந்து எல்லைக்கு வெளியே போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நடக்கத் தொடங்கும் முன்பே ‘இது புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்று அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுதான் உங்கள் பந்து.

ஜே.பி. நகர்: எனக்கு 52 வயது, அவ்வப்போது இடுப்பு வலி உண்டு. வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், போகலாமா?

வலி காலுக்கு இறங்குகிறது, மரத்துப்போகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள் அக்கா. அப்படி இல்லையென்றால் தாராளமாகப் போகலாம், 9 ஹோல் மட்டும். முதுகை வளைத்துக் குனியாதீர்கள். இடுப்பை மடித்துக் குனியுங்கள், முதுகு நேராக இருக்கட்டும். பின்னால் சுழலும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்பினால் எழும்பட்டும், இடுப்பின் பாரம் குறையும். பையைத் தோளில் மாட்டாமல் டிராலியோ கேடியோ (பை தூக்கி உதவுகிறவர்) வைத்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர். புரம்: சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தேன். இங்கே பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகிறது, பிரமையா?

பிரமை இல்லை. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே; காற்று அடர்த்தி குறைவு. 100 கெஜத்துக்கு மூன்று நான்கு கெஜம் கூடும். ஊட்டி மைதானத்துக்குப் போனால் இன்னும் இரண்டு மடங்கு கூடும். திரும்பச் சென்னைக்குப் போய் ஆடும்போது ‘ஃபார்ம் போயிடுச்சு’ என்று புலம்பாதீர்கள்.

சி.வி. ராமன் நகர்: மகளுக்கு ஆறு வயது. இப்போதே சேர்க்கலாமா?

கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஐந்து வயதில் தொடங்கியவர், இதே ஊரில், கேஜிஏ (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) மைதானத்தில். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் அடியில் பதக்கத்தை விட்டு நாலாவதாக வந்தபோது அவருக்கு கேடி வேலை பார்த்தது அவர் அம்மா. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு சேர்க்காதீர்கள். பெரியவர்கள் மட்டையை அறுத்துக் கொடுக்காமல் சிறுவர் மட்டை வாங்குங்கள். அறுத்தது கனமாகவும் வளையாமலும் இருக்கும். முதலில் பட்டிங் விளையாட்டாகத் தொடங்கட்டும்.

இந்திராநகர்: மே மாதம் மாலையில் இடி இடித்தால்?

ஆட்டத்தை அந்த நிமிடமே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள்.

ஃப்ரேசர் டவுன்: அடுத்த ஞாயிறு ஒரு நண்பரின் விருந்தாளியாக 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப்புக்குப் போகிறேன். மானம் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

காலர் வைத்த டி-ஷர்ட் போடுங்கள், ஜீன்ஸ் வேண்டாம், மற்ற உடை விதிகளை நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி முன்னால் போய் பட்டிங் கிரீனில் பழகுங்கள். மோசமாக ஆடுகிறவனை யாரும் திட்டுவதில்லை, மெதுவாக ஆடுகிறவனைத்தான் திட்டுவார்கள். உங்கள் முறை வருவதற்குள் எந்த மட்டை என்று முடிவு செய்துவிடுங்கள். ஒரே ஒரு ஒத்திகை வீச்சு போதும். அடித்த பந்து யார் பக்கமாவது போனால் ‘ஃபோர்!’ என்று தொண்டை கிழியக் கத்துங்கள். அந்த இடத்தில் வெட்கமே கூடாது.

கிரீனில் அடுத்தவர் பட் போகும் கோட்டை மிதிக்காதீர்கள், உங்கள் நிழலும் அதில் விழ வேண்டாம். உங்கள் பந்து விழுந்து குழி விழுந்திருந்தால் டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சியை) குழியின் ஓரத்தில் குத்தி, சுற்றிலும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் பழுத்துவிடும். கடைசியாக பட்டரின் அடியால் தட்டிச் சமமாக்குங்கள். இந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தால் கேடியே உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

கேடியைப் பெயர் கேட்டு, அண்ணா என்று கூப்பிடுங்கள். தமிழ் பேசுகிறவராகவும் இருக்கலாம். கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் அங்கேயே அடியுங்கள். டிப்ஸ் எவ்வளவு என்பதை நண்பரிடம் முன்னாலேயே கேட்டு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு டஜன் பந்தாவது இருக்கட்டும். ஏழாவது ஹோலில் விருந்தாளி பந்து கடன் கேட்டால் நன்றாக இருக்காது.