ஆபிரகாமின் ஆசீர்வாதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடும்பமாக ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வருகிறோம். ‘ஆபிரகாமின் ஆசீர்வாதம் உங்களுக்கும் உண்டு, வாக்குத்தத்தத்தை உரிமையோடு கேட்டு வாங்குங்கள்’ என்று பவுல் அப்போஸ்தலன் எழுதிய கலாத்தியர் 3:14-ஐக் காட்டிப் பிரசங்கிக்கிறார்கள். ஒரு சொந்த வீட்டுக்காகப் பல வருடங்களாக ஜெபிக்கிறோம், கிடைக்கவில்லை. கேட்டால் விசுவாசம் போதாது என்கிறார்கள். தேவனுடைய சுதந்தரத்தில் (பிள்ளைகளுக்குரிய சொத்துரிமையில்) எங்களுக்குப் பங்கில்லையா? இந்த ஜெபத்தை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பங்கு உண்டு. விசுவாசம் போதாது என்று உங்களிடம் சொன்னவர்கள் ஆதியாகமம் 23-ஐ நிதானமாக ஒருமுறை வாசித்திருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது.

ஆபிரகாம் ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்படும்போது வயது 75. ‘உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் கொடுப்பேன்’ என்று கர்த்தர் சொல்கிறார். அப்புறம் 62 வருடம் கழித்து, 127 வயதில் சாராள் இறக்கும்போது, தேசம் முழுவதற்கும் வாக்குப் பெற்ற அந்த மனிதருக்கு மனைவியைப் புதைக்க ஒரு துண்டு நிலம் இல்லை. அந்தத் தேசத்து மக்களான ஏத்தின் புத்திரர் முன்னால் எழுந்து நின்று, ‘நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்’ என்கிறார். நிலத்துக்காரர் எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்று சொல்லியும் ஆபிரகாம் கேட்கவில்லை, 400 சேக்கல் எடை வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையையும் அந்த நிலத்தையும் வாங்குகிறார். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் சொல்கிறவருக்கு, வாக்குத்தத்த தேசத்தில் விலை கொடுத்து வாங்கிய கல்லறை நிலம்தான் கையில் இருந்தது. அவருக்கு ஒரு அடி நிலத்தைக்கூட தேவன் கொடுக்கவில்லை என்று ஸ்தேவானும் அப்போஸ்தலர் 7-இல் பேசுகிறார். ஆபிரகாமின் விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அவர் பணக்காரர்தானே, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் இருந்ததே என்பார்கள். இருந்தது, உண்மைதான். ஆனால் வாக்குத்தத்தம் அதைப் பற்றியதல்ல. சந்ததி, தேசம், பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் அவருக்குள் ஆசீர்வதிக்கப்படுவது, இவைதான் அவரிடம் சொல்லப்பட்டவை. இவற்றை நிறைவேறக் காணாமலே, தூரத்தில் கண்டு நம்பி, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று எபிரெயர் 11 அவரையும் அவர் வீட்டாரையும் புகழ்கிறது.

சரி, கலாத்தியர் 3:14. அந்த வசனத்தைப் பாதியில் நிறுத்துவதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. ஆபிரகாமின் ஆசீர்வாதம் யூதரல்லாத புறஜாதிகளுக்கு வரும்படி என்று தொடங்கி, ஆவியைக்குறித்த வாக்குத்தத்தத்தை நாம் விசுவாசத்தினாலே பெறும்படி என்று பவுல் முடிக்கிறார். அங்கே வீடும் இல்லை, நிலமும் இல்லை, பரிசுத்த ஆவி இருக்கிறார். எபேசியர் 1:14-இல் அதே ஆவியை நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம் என்றும் எழுதுகிறார். அச்சாரம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

இன்னும் நாலு வசனம் தள்ளிப் போனால், மோசே மூலம் தரப்பட்ட நியாயப்பிரமாணம் வந்தது வாக்குத்தத்தத்துக்கு 430 வருடம் பின்னால், அதனால் அது வாக்குத்தத்தத்தை ரத்து செய்ய முடியாது, சுதந்தரம் நியாயப்பிரமாணத்தினால் வருவதுமல்ல என்கிறார். பிள்ளைக்குத் தகப்பன் சொத்து கூலியாக வருவதில்லை. அப்படியிருக்க, இத்தனை விசுவாசம் காட்டினால்தான் கிடைக்கும் என்று விசுவாசத்தையே ஒரு கூலி வேலையாக ஆக்குவது, பவுல் இடித்த சுவரைத் திரும்பக் கட்டுகிற காரியம். ரோமர் 8:17-இல் நம்மைக் கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர் என்று சொல்லும்போதும் ‘அவருடனேகூடப் பாடுபட்டால்’ என்று சேர்த்துத்தான் சொல்கிறார். அந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. தேவ ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தாருக்கு நிலப்பங்கே கொடுக்கப்படவில்லை, கர்த்தரே அவர்கள் சுதந்தரம் என்று உபாகமம் 10:9-இல் வருவதும் இதே வரிசைதான்.

ஜெபத்தை நிறுத்தலாமா என்றால், வேண்டாம். அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லித்தந்தவர் வீட்டைக் கேட்டால் கோபிக்க மாட்டார். மனத்தாங்கல் இருந்தால் அதோடே கேளுங்கள். ‘அடியேனுக்கு என்ன தருவீர்? நான் பிள்ளையில்லாமல் இருக்கிறேனே’ என்று ஆபிரகாமும் முறையிட்டார். அது ஆதியாகமம் 15-இன் 2-ஆம் வசனம். அவர் விசுவாசித்தார், அதைக் கர்த்தர் அவருக்கு நீதியாக எண்ணினார் என்பது அதே அதிகாரத்தில் 6-ஆம் வசனம்.