கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறான், மறுபடி எதற்குக் காது டெஸ்ட்?

கேள்வி: மகனுக்கு 4 மாதம். குறைமாதத்தில் பிறந்து 8 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது காது பரிசோதனை செய்து, இரண்டு காதுக்கும் ‘ரெஃபர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கதவு படாரென்று அடித்தால் திடுக்கிடுகிறான். ‘ஊ, ஆ’ என்று குரலும் கொடுக்கிறான். “பேச்சு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே கூட்டிப் போய்விடுங்கள்.

‘ரெஃபர்’ என்றதும் பயந்துவிடாதீர்கள். காது கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பிறந்த புதிதில் காதுக்குள் பனிக்குட நீர் தங்கியிருந்தால்கூட அப்படி வரும். மறுபடி பார்க்கும்போது பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். அந்த ‘மறுபடி’ நடக்காமலே போவதுதான் எனக்குக் கவலை.

நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் கதவு அடிக்கும்போது தரை அதிர்கிறது, காற்று முகத்தில் படுகிறது. பின்னால் நின்று கைதட்டினால் நம் நிழலைப் பார்த்தே குழந்தை திரும்பிவிடும். சரி, சத்தம் கேட்டே திடுக்கிட்டான் என்று வையுங்கள். அது கனத்த சத்தம். அதைக் கேட்கிற காதுக்கே ‘ச’, ‘ஸ’ மாதிரி மெல்லிய ஒலிகள் விழாமல் போவதுண்டு. அந்தக் காதுக்குச் ‘சட்டை’யும் ‘அட்டை’யும் ஒன்றுதான். ‘ஊ, ஆ’வை நம்பியும் இருக்க முடியாது, அறவே காது கேட்காத குழந்தையும் இந்த வயதில் அப்படிக் குரல் கொடுக்கும். ‘பாபாபா, தாதாதா’ என்று அடுக்க வேண்டிய மாதங்களில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை: இதுதான் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டாவது கெடு தாண்டிவிட்டது, மூன்றாவது இன்னும் கையில் இருக்கிறது. பேச்சுக்கான பாதைகளை மூளை போடுவது பேசத் தொடங்கும் முன்பே, கேட்டுக் கேட்டுத்தான்.

உங்கள் மகனுக்கு ‘பெரா’ பரிசோதனை கேளுங்கள். சத்தம் செவி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது அது. காதில் சின்னக் குமிழ் வைத்துப் பார்க்கும் ஓஏஇ, உட்செவி வரைதான் சொல்லும். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளில் சிலருக்கு உட்செவி சரியாக இருந்து, செவி நரம்பில் கோளாறு இருக்கும். ஓஏஇ அதைத் தவறவிடும். பெராவில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன மின்முனைகளை ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை.

குறை உறுதியானால் இந்த வயதிலேயே காது மெஷின் மாட்டலாம். அது போதாத அளவுக்குக் குறை கடுமையாக இருந்தால், ஒரு வயதை ஒட்டி காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் கருவி) பற்றிப் பேசுவார்கள். பரிசோதனையில் தேறிவிட்டாலும் ஒரு வயது தாண்டும் முன் இன்னொரு தடவை காட்டுங்கள். சில குறைகள் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

அப்புறம், பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். போகிற வழியில் தூங்கவிடாமல், பசியோடு கூட்டிப் போய் அங்கேயே பால் கொடுங்கள். 4 மாதக் குழந்தை மருந்தில்லாமலே தூங்கிவிடும். ஒரு வயதுக்காரனைத் தூங்கவைக்க நாங்கள் படும் பாடு தனிக் கதை.