கிட்டாரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தீர்களா?

கேள்வி: மகன் மெட்ரிக் தேறியதற்கு 3,800 ராண்டுக்கு கிட்டார் வாங்கித் தந்தேன். நான்கே மாதத்தில் கழுத்து உடலோடு சேரும் இடம் விட்டுக்கொண்டது. பணம் திருப்பித் தர மாட்டோம் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது என்கிறார் கடைக்காரர். (ஓர் அம்மா, பீனிக்ஸ்)

பதில்: சுவரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அம்மா. நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: 6 மாதத்துக்குள் பழுதான சரக்கைத் திருப்பிக் கொடுத்தால், சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சரிசெய்து 3 மாதத்துக்குள் மறுபடி விட்டுக்கொண்டால், மாற்று அல்லது பணம். ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பையன் கிட்டாரைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விடவில்லையே? அதை மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: காலோடோன் சாம்பியன் கிட்டார் ஒன்றுக்கு 25,000 ராண்ட் கேட்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் வாசித்த அதே வகை, வின்டேஜ், அதாவது பழசானதால் மதிப்பு கூடியது என்கிறார்கள். வாங்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: வின்டேஜ்! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பரணில் தூசி படிந்ததெல்லாம் வின்டேஜா?

காலோடோன் நம் டர்பன் நகரத்துச் சரக்குதான். 1957இல் லிவர்பூலில் ஒரு சர்ச் விழாவில் லெனன் அதை மாட்டிக்கொண்டு பாடியதும் உண்மை. ஆனால் அது மாணவர்களுக்கென்று ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கிட்டார். 'பிளக்காது, உத்தரவாதம்' என்று உள்ளே லேபல் வேறு. ஒட்டுப்பலகை எங்கே பிளக்கப்போகிறது? 1999இல் சதபீஸ் ஏலத்தில் காசு கொட்டியது லெனன் கைபட்ட அந்த ஒன்றுக்கு. கூடப்பிறந்ததுகளுக்கெல்லாம் அந்த விலை வராது.

எந்தக் கிட்டாரானாலும் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கினால் முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. பிரிட்ஜுக்கு, அதாவது உடலில் தந்திகளை மாட்டும் கட்டைக்கு, பின்னால் பலகை வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். கிரே ஸ்ட்ரீட் பக்கம் பழைய இத்தாலிக் கிட்டார் என்று 900 ராண்ட் அழுதேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், இத்தாலி லேபலின் ஓரம் பெயர்ந்து அடியில் இன்னொரு லேபல் சிரிக்கிறது. கடைக்குப் போனபோதும் அந்த டார்ச் என் பையில்தான் இருந்தது.

25,000க்கு வேண்டாம்.

கேள்வி: சத்தம் போதவில்லையென்று மகளின் நைலான் தந்திக் கிட்டாருக்கு ஸ்டீல் தந்தி மாட்டினேன். பிரிட்ஜ் பிய்ந்துவிட்டது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். (வெருலம்)

பதில்: மறுக்கத்தான் செய்வார்கள். பிய்த்தது நீங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒருவரிடம் கிப்சன் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார் பாதி விலைக்கு வாங்கினேன். தலைப்பக்க மூடியில் மூன்று திருகு இருக்கிறது. அசல்தானே? (லெனேசியா)

பதில்: அசலில் இரண்டுதான். பணம் கொடுக்கும்முன் எண்ண வேண்டியதை இப்போது எண்ணுகிறீர்கள். எப்போதோ ஒன்றை விற்கும் தனி ஆளை மேலே சொன்ன சட்டம் தொடாது. போலி என்று தெரிந்தே அசலாக விற்றிருந்தால் அது மோசடி, போலீசுக்குப் போங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துத் தொலைக்காதீர்கள்.