ஓடா, ஷீட்டா, கான்கிரீட் தளமா: வீட்டுக்கு எந்தக் கூரை சரி?

பிற்காலத்தில் மேலே மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் கான்கிரீட்தான். இல்லையென்றால், முதலில் சுவர் எவ்வளவு எடை தாங்கும் என்று பாருங்கள். 12.5 செ.மீ. தடிமனுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ இருக்கும். களிமண் ஓடு ஏறக்குறைய 50 கிலோ, உலோக ஷீட் வெறும் 5 கிலோதான். பழைய சுவர் மேல் யோசிக்காமல் தளம் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சரிவு. ஓட்டுக்குக் குறைந்தது 25 முதல் 30 டிகிரி வேண்டும். குறைந்தால் காற்று மழைநீரை ஓட்டிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடும். மொட்டை மாடிக்கும் சரிவு உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: 1 மீட்டருக்கு 1 செ.மீ.யாவது வடிகுழாய்ப் பக்கம் இறங்க வேண்டும். தேங்கிய நீர் விரிசலில் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே காரை பெயர்ந்து விழும்.

ஷீட் ஒழுகுவது பெரும்பாலும் திருகு ஓட்டையில்தான். திருகை ஷீட் நெளிவின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும். நசுங்கிப் பிதுங்கினால் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும். ஷீட்டின் வெக்கை தாங்க முடியாதது, அடியில் வெப்பத்தடுப்பு போடாமல் படுக்கையறைக்கு வேண்டவே வேண்டாம்.